அஞ்சு சென்டைப் பட்டினி போட்டுப் பார்த்தால் தெரியும்

மண் பரிசோதனை அட்டையில் தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) எதிரே 'ஹெக்டேருக்கு 238 கிலோ, குறைவு' என்று அச்சடித்து வரும். 'குறைவு' என்ற சொல் மட்டும் கண்ணில் பட்டவர் கூடுதலாக ஒரு மூட்டை யூரியா வாங்கிவிடுவார். 238 என்ற எண்ணைப் பார்த்தவர், இவ்வளவு மண்ணிலேயே கிடக்கும்போது உரம் எதற்கு என்று கேட்பார். எங்கள் ஊரில் இரண்டு வகையினரும் இருக்கிறார்கள். இரண்டு பேருமே அந்த அட்டை சொல்லாத ஒன்றை அதில் வாசிக்கிறார்கள்.

எனக்கு இது பிடிபட்டது நெல்லிலோ வாழையிலோ அல்ல, புகையிலையில். குமரி மாவட்டத்துக்காரனுக்குப் புகையிலையோடு என்ன சகவாசம் என்று கேட்கலாம். திருவிதாங்கூர் காலத்தில் யாழ்ப்பாணப் புகையிலையை மென்று துப்பிய ஊர்தான் இது, விளைவித்த ஊர் அல்ல. பிழைப்புக்காகக் கர்நாடகத்தில் மைசூரை அடுத்த பிரியாபட்டணம் பக்கம் போய், புகையிலை விவசாயிகளின் காடு காடாக ஏறி இறங்கி பயிரைப் பார்த்து எழுதும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தேன். அப்புறம் ஊருக்குத் திரும்பி அப்பா விட்டுப்போன வயலையும் தோட்டத்தையும் பார்க்க ஆரம்பித்தேன். புகையிலையை நான் தொட்டதில்லை, தொடச் சொல்லவும் மாட்டேன். ஆனால் மண்ணிலிருந்து தழைச்சத்து எப்போது வருகிறது, எவ்வளவு வருகிறது என்பதில் அந்தப் பயிர்க்காரர்களுக்கு இருக்கும் கவனத்தை வேறு எந்தப் பயிர்க்காரரிடமும் நான் பார்த்ததில்லை.

காரணம் எளிது. நெல்லுக்குத் தழைச்சத்து கொஞ்சம் மிஞ்சினால் பூச்சி வரும், சாயும், அவ்வளவுதான். நெல் நெல்லாகவே இருக்கும். சிகரெட்டுக்குப் போகும் வர்ஜீனியா புகையிலையில் மிஞ்சினால் சரக்கே வேறு சரக்காகிவிடும். அந்தச் செடி நட்டு முதல் நாற்பது நாள் போல நன்றாகத் தின்ன வேண்டும். பூங்கொத்து தலைகாட்டி, கொழுந்தைக் கிள்ளி எறியும் நேரத்தில் மண்ணில் தழைச்சத்து ஏறக்குறைய தீர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் அடியிலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிறிப் பழுக்கும். அடியிலிருந்து இரண்டு மூன்று இலையாக ஒடித்துக் கொட்டகையில் கட்டித் தொங்கவிட்டு, சூட்டைப் படிப்படியாக ஏற்றினால் எலுமிச்சை மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ வரும். மண் நிறுத்தாமல் தழைச்சத்து கொடுத்துக்கொண்டே இருந்தால் இலை பச்சையாகவே நிற்கும். தடித்துப்போகும், கொட்டகையில் மஞ்சளாகாமல் கருத்துப் பழுப்பாகும். சர்க்கரை குறைந்து நிக்கோடின் ஏறும். நிக்கோடினே தழைச்சத்தால் ஆன பொருள்தானே. வேரில் உண்டாகி இலைக்கு ஏறுகிறது. ஏல மேடையில் அந்த இலைக்கு நல்ல விலை கிடைக்காது.

அதனால் அங்கே விவரமான விவசாயி முதலில் கேட்கும் கேள்வி 'எத்தனை மூட்டை போடலாம்' என்பதல்ல, 'இந்தக் காடு தானாக எவ்வளவு தரும், எப்போது நிறுத்தும்' என்பதுதான். போன பருவம் பயறு போட்ட காட்டில் வர்ஜீனியா நடத் தயங்குவார்கள். ஆட்டுப் பட்டி போட்ட நிலம், இலைதழை மக்கிச் சேர்ந்த மக்கு நிறைந்த நிலம் என்றால் ஒதுக்கியே வைப்பார்கள். நம் ஊரில் அதே நிலத்துக்குக் கூடுதல் குத்தகை கேட்பார்கள்! வளம் குறைந்த மணல் கலந்த செம்மண்தான் அவர்களுக்குப் பிடித்தது. அதில் நாம் போட்டதுதான் பயிருக்குப் போகும், தீர வேண்டிய நேரத்தில் தீர்ந்தும் போகும். திண்டுக்கல், வேடசந்தூர்ப் பக்கம் விளையும் மெல்லும் புகையிலை நேர் எதிர். அதற்குத் தடித்த, காரமான இலைதான் வேண்டும், ஆகவே எருவும் கிடையும் தாராளமாகப் போடுவார்கள். ஒரே செடிக்கு மண்ணிடம் இரண்டு விதமான எதிர்பார்ப்பு.

இந்தக் கேள்வியைத்தான் நான் ஊருக்குக் கொண்டுவந்தேன்.

முதலில் அட்டைக் கணக்கு. அந்த 238 எப்படி வருகிறது? மண்ணைக் காரமாக்கிய பெர்மாங்கனேட் கரைசலில் போட்டுக் காய்ச்சி, வெளியேறும் அம்மோனியாவைப் பிடித்து அளக்கிறார்கள். 1956இல் சுப்பையா, அசிஜா என்ற இருவர் வெளியிட்ட முறை, இன்றும் நம் நாட்டு ஆய்வகங்களில் அதுதான் பெரும்பாலும் ஓடுகிறது. 280 கிலோவுக்குக் கீழே என்றால் குறைவு. இதில் மாட்டுவது மண்ணின் மக்கில் கட்டுண்டு கிடக்கும் தழைச்சத்தில் எளிதில் உடையும் ஒரு பகுதி. அதை இந்தப் பருவத்திலேயே நுண்ணுயிர்கள் உடைத்துப் பயிருக்குக் கொடுக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பத்தாயத்தில் நெல் இருக்கிறது என்பதற்காகப் பானையில் சோறு இருக்கிறது என்று சொல்ல முடியுமா? குத்த வேண்டும், புடைக்க வேண்டும், அடுப்பு எரிய வேண்டும். மண்ணில் அந்த வேலையைச் செய்வது நுண்ணுயிர்கள். ஈரமும் சூடும் காற்றும் அவற்றுக்கு ஒத்துவர வேண்டும்.

அட்டையில் நான் முதலில் பார்ப்பது கரிமச்சத்து (மக்கில் இருக்கும் கார்பன்) வரியைத்தான். அதை வைத்துத் தோராயமாக ஒரு கணக்குப் போடலாம். ஒரு ஏக்கரில் மேல்மண் 15 செ.மீ. ஆழத்துக்கு ஏறக்குறைய 9 லட்சம் கிலோ இருக்கும். என் மேட்டுத் தோட்டம் சரல் (சிறுகல்) கலந்த செம்மண், கரிமம் 0.4 சதவீதம். அப்படியென்றால் 3,600 கிலோ கரிமம். மண்ணின் மக்கில் பத்துப் பன்னிரண்டு பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து இருக்கும். ஆக மொத்தம் 300 முதல் 360 கிலோ தழைச்சத்து. இதில் ஓர் ஆண்டில் உடைந்து வெளிவருவது நூற்றுக்கு இரண்டு போல என்று வைத்துக்கொண்டால் ஆறேழு கிலோ. ஒரு 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம், அதாவது 20.7 கிலோ தழைச்சத்து. என் தோட்டத்து மண் ஓராண்டு முழுக்கச் சொந்தமாகத் தருவது யூரியா மூட்டையில் மூன்றில் ஒரு பங்குதான். பள்ளத்து வயலில் கரிமம் 0.9. அதே கணக்கில் அங்கே பதினைந்து கிலோ வரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வரப்பும் ஓர் ஓடையும்தான். ஆனால் ஊரில் எல்லாருமே இரண்டுக்கும் ஒரே அளவு உரம்தான் வீசுகிறோம்.

இது தோராயம்தான். மண்ணின் சூடு, ஈரம், களிமண் அளவு, முந்தின பயிர் எல்லாம் இதை ஆட்டிவைக்கும். அதனால் கணக்கோடு நிறுத்தாமல் பயிரிடமே கேட்டுவிடுவது நல்லது.

பள்ளத்து வயலில் கும்பப்பூ (எங்கள் ஊர் இரண்டாம் போகம்) நெல்லில் ஒரு மூலையில் அஞ்சு சென்ட் பாத்தி பிரித்து, சுற்றி நல்ல வரப்பு போட்டு, அதற்குத் தழைச்சத்து உரம் எதுவும் காட்டாமல் விட்டேன். மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) மற்ற இடத்தைப் போலவே கொடுத்தேன். அதையும் நிறுத்தினால் எது இல்லாமல் பயிர் வாடியது என்று தெரியாமல் போகும். வரப்பு முக்கியம். பக்கத்துப் பாத்தித் தண்ணீர் இதில் வழிந்தால் யூரியாவும் சேர்ந்து வந்துவிடும், பரிசோதனை வீண்.

பக்கத்து வயல் அண்ணாச்சி வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "ஏ மக்கா, என்னடே இந்த அஞ்சு சென்ட மட்டும் பட்டினி போட்டிருக்க? கடன்காரன் பயிரு மாதிரில்லா நிக்கி" என்றார்.

"மண்ணு என்ன தருதுன்னு பாக்கேன் அண்ணாச்சி."

"மண்ணு எல்லாந் தரும், நீ குடுத்தா" என்று சிரித்துக்கொண்டே போனார். அறுப்பு அன்று அவரே வந்து நின்று தராசைப் பார்த்தார் என்பது வேறு விஷயம்.

மற்ற இடத்தில் ஏக்கருக்கு இரண்டு டன் கணக்கில் விழுந்தது. பட்டினிப் பாத்தியில் ஏக்கர் கணக்குக்கு 1,300 கிலோ போல வந்தது. அண்ணாச்சிக்கு அது ஆச்சரியம். எனக்கும் கொஞ்சம் ஆச்சரியம்தான். ஒரு கைப்பிடி யூரியாகூட இல்லாமல் மூன்றில் இரண்டு பங்கு நெல். நெல் ஒரு டன் மணி விளைய ஏறக்குறைய 15 கிலோ தழைச்சத்தை உறிஞ்சும். அப்படிப் பார்த்தால் அந்தப் பாத்தி பருவத்துக்கு ஏக்கருக்கு இருபது கிலோவை ஒட்டிக் கொடுத்திருக்கிறது. கரிமக் கணக்கில் ஓராண்டுக்கே 15 கிலோதானே வந்தது, இது எப்படிக் கூடியது என்று கேட்கலாம். வாய்க்கால் தண்ணீரிலும் கொஞ்சம் வரும், தண்ணீர் நிற்கும் வயலில் வளரும் நீலப்பச்சைப் பாசி காற்றிலிருந்து பிடித்துத் தருவதும் உண்டு. காகிதக் கணக்குக்கு இவை தெரியாது, பயிருக்குத் தெரியும்.

மீதமுள்ள 700 கிலோ நெல்தான் உரத்தால் வந்தது. சரியான நேரத்தில் பிரித்துப் போட்டால் ஒரு கிலோ தழைச்சத்துக்கு இருபது கிலோ நெல் கூடும் என்பது சுமாரான, நம்பத் தகுந்த அளவு. 700ஐ 20ஆல் வகுத்தால் 35 கிலோ தழைச்சத்து, அதாவது யூரியா ஒன்றேமுக்கால் மூட்டை. உரக்கடையில் சொல்வதோ மூன்று மூட்டை. மானியத்தில் ஒரு மூட்டை 270 ரூபாய்க்குள் கிடைப்பதால் மிச்சம் பிடிப்பதில் யாருக்கும் ஆர்வம் இல்லை, அது எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தக் கூடுதல் ஒன்றேகால் மூட்டைதான் இலைச் சுருட்டுப் புழுவையும் புகையான் பூச்சியையும் அழைத்து வருகிறது. மருந்துக்கு ஆகும் செலவையும் சேர்த்துப் பார்த்தால் மூட்டை விலை அவ்வளவு மலிவு இல்லை.

மூட்டைக் கணக்கு தெரிந்த பிறகு எப்போது போடுவது என்பதற்கு இலை வண்ண அட்டை போதும். பச்சையின் வெவ்வேறு அடர்த்தியை எண்ணிட்ட பட்டைகளாக அச்சிட்ட பிளாஸ்டிக் துண்டு அது. நன்றாக விரிந்த இளம் இலையை அதன்மேல் வைத்து, நம் உடம்பு நிழலில் பார்க்க வேண்டும். நேர் வெயிலில் பார்த்தால் நிறம் ஏமாற்றும். வெள்ளைப் பொன்னிக்கு 3க்குக் கீழே இறங்கினால், மற்ற ரகங்களுக்கு 4க்குக் கீழே இறங்கினால் யூரியா தேவை என்று வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிறது. நாள் கணக்கில் வீசுவதைவிட இது எவ்வளவோ மேல்.

முதல் போகமான கன்னிப்பூவில் அதே சோதனையைச் செய்தபோது பட்டினிப் பாத்தி இவ்வளவு தரவில்லை. ஏன் என்று யோசித்தால் காரணம் கோடையில் இருக்கிறது. மாசி, பங்குனியில் காய்ந்து வெடித்த வயலில் கோடை மழை விழுந்ததும் நுண்ணுயிர்கள் ஒரே மூச்சில் வேலை செய்து தழைச்சத்தை நைட்ரேட்டாக்கி வைத்துவிடும். காய்ந்த மண் நனைந்ததும் வரும் இந்த வேகத்தை 1950களில் கிழக்கு ஆப்பிரிக்காவில் பிர்ச் என்பவர் அளந்து எழுதினார். நம் ஊர்க் கிழவர்கள் 'சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்' என்று அதற்கும் முன்பே சொல்லி வைத்துவிட்டார்கள். ஆனால் அந்தத் தங்கம் நெல் வயலில் தங்குவதில்லை. ஜூனில் பேச்சிப்பாறைத் தண்ணீரைத் திறந்து வயலைக் கட்டியதும், காற்றில்லாத சேற்றில் நைட்ரேட் வாயுவாகிப் பறந்துவிடும். மிச்சம் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். கும்பப்பூவுக்குக் கோடை போல வயல் காய்வதில்லை. மண்ணில் தழைச்சத்து அம்மோனிய வடிவிலேயே இருந்து நெல்லுக்குப் போகிறது.

கன்னிப்பூவுக்கு முன் அந்தச் சித்திரைத் தங்கத்தைப் பிடித்து வைக்க நான் கண்ட ஒரே வழி, முதல் கோடை மழையிலேயே தக்கைப்பூண்டோ கொழிஞ்சியோ பசுந்தாள் உரப் பயிராக விதைத்துவிடுவது. உண்டாகும் நைட்ரேட்டை வேர் இழுத்துச் செடியில் வைத்துக்கொள்ளும், காற்றிலிருந்தும் சேர்க்கும். பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால் சேற்றுக்குள் மெதுவாகத் திரும்ப வரும். விதை கிடைப்பதுதான் சிரமம். கிடைக்காத ஆண்டு சீமைக்கொன்றை (கிளைரிசிடியா) தழையை வேலியிலிருந்து வெட்டிப் போடுகிறோம்.

வாழைத் தோட்டத்தில் கதை வேறு. எங்கள் ஊரில் ஓணச் சந்தைக்கு வெட்டும் கணக்கில் ஐப்பசியில் ஏத்தன் (நேந்திரன்) வாழை நடுவோம். மூட்டுக்கு, அதாவது ஒரு வாழைக்கு, 150 கிராம் தழைச்சத்து என்று வைத்து, நட்ட மூன்றாம், ஐந்தாம், ஏழாம் மாதங்களில் பிரித்து வைப்பது வழக்கம். ஏழாம் மாதம் என்பது சித்திரை, வைகாசியில் விழுகிறது. அதாவது கோடை மழை பெய்து மண்ணே தழைச்சத்தை அள்ளிக் கொட்டும் நேரம். குலை தள்ளும் சமயமும் அதுதான், குலை தள்ளிய பிறகு வாழைக்குத் தழைச்சத்தால் பெரிய பயன் இல்லை. அப்போது போய் நாமும் யூரியா வைத்தால் மட்டை பெருக்கும், உயரும். பின்னால் வரும் காற்றில் குலையோடு சாயும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, காற்றாலைக்காரர்கள் அங்கே சும்மாவா இடம் பிடித்தார்கள்.

அதனால் பள்ளத்துத் தோட்டத்தில் மூன்றாவது தவணை யூரியாவை விட்டுவிட்டேன், சாம்பல் சத்தை மட்டும் வைக்கிறேன். குலை எடையில் வித்தியாசம் தெரியவில்லை. மேட்டுச் சரல் மண்ணில் அப்படி விட முடியாது. அங்கே மண் கொடுப்பது குறைவு, கொடுப்பதையும் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை அடித்துக்கொண்டு போய்விடும். நைட்ரேட்டைப் பிடித்து வைக்கும் சக்தி அந்த மண்ணுக்குக் கிடையாது. அங்கே மூன்று தவணையை ஐந்தாகப் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாக வைப்பதுதான் சரிப்படுகிறது. அடைமழை விட்ட பிறகு வைக்க வேண்டும், மழைக்கு முந்தின நாள் வைப்பது ஓடைக்கு உரம் போடுவதுதான்.

வாழையில் பட்டினிப் பாத்தி பிரிக்க வேண்டியதில்லை. ஒரு மூலையில் நாலைந்து மூட்டுக்கு மட்டும் யூரியாவை நிறுத்திப் பார்த்தால் போதும். இலைக் காம்பு இளஞ்சிவப்பாக மாறுவது, இலை வெளிறுவது, மாதத்துக்கு விடும் இலை எண்ணிக்கை குறைவது இவற்றைக் கவனிக்க வேண்டும். மேட்டுத் தோட்டத்தில் இந்த அறிகுறிகள் சீக்கிரமே வந்தன. பள்ளத்தில் வெகு நாள் வரவே இல்லை.

குலசேகரம் பக்கம் ரப்பர் போட்டிருக்கும் என் மச்சான் பழைய மரங்களை வெட்டி, புதுக்கன்று நட்டு, ஊடே அன்னாசி போட்டார். "போன இடத்துல போட்ட அளவே போடட்டா?" என்று போனில் கேட்டார். கூடாது என்றேன். பல ஆண்டு சருகு விழுந்த நிலம் அது, ஊடே மூடுபயிராகப் பியூரேரியாக் கொடியும் படர்ந்திருந்தது. அப்படிப்பட்ட நிலத்தைக் கிளறிவிட்டால் முதல் ஓரிரு ஆண்டு மண்ணே கையை நீட்டிக் கொடுக்கும், அப்புறம் சட்டென்று குறையும். பிரியாபட்டணத்து விவசாயி பயந்து ஒதுக்கும் நிலம் இதுதான். அன்னாசிக்காரருக்கு அது யோகம். மச்சான் முதல் ஆண்டு பாதி போட்டார். இரண்டாம் ஆண்டு இலை நிறம் பார்த்துக் கூட்டினார்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. கதம்பை (தேங்காய் மட்டை) அடிக்கும் ஆலையிலிருந்து நார்க்கழிவு சும்மா கிடைக்கிறதே என்று வண்டி வண்டியாகத் தோட்டத்தில் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மக்காத நார்க்கழிவில் நூறு பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்துகூடத் தேறாது. அதைத் தின்ன வரும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பயிர் மஞ்சளாகும், உரம் போட்டும் தேறவில்லையே என்று நாம் மறுபடி யூரியா வாங்குவோம். கரிமம் தழைச்சத்தைப் போல இருபது, இருபத்தைந்து மடங்குக்குள் இருக்கும் பொருள் என்றால் பயிருக்குக் கொடுக்கும், அதற்கு மேல் போனால் பிடுங்கும். சீமைக்கொன்றைத் தழை கொடுக்கிற வகை. வைக்கோலும் மரத்தூளும் பிடுங்குகிற வகை. நார்க்கழிவை மேல்மூடாக்காகப் போடலாம், நன்றாக மக்க வைத்துக் கலக்கலாம், பச்சையாக உழக்கூடாது.

ஆய்வகம், பட்டினிப் பாத்தி எதற்கும் நேரமில்லை என்பவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். சந்தேகமுள்ள ஒவ்வொரு இடத்து மண்ணையும் தனித்தனி வளர்ப்புப் பையில் நிரப்பி, எல்லாவற்றிலும் ஒரே அளவு மணிச்சத்து, சாம்பல் சத்து கலந்து, மக்காச்சோளம் விதைத்து, ஒரே அளவு தண்ணீர் ஊற்றி மொட்டை மாடியில் வரிசையாக வையுங்கள். தழைச்சத்து உரம் மட்டும் கிடையாது. ஒரு மாதத்தில் எது கொடுக்கிற மண், எது கொடுக்காத மண் என்று அந்தச் சோளத்தின் நிறமும் உயரமும் சொல்லிவிடும். கிலோ கணக்கு கிடைக்காது, வரிசை கிடைக்கும். பல தோட்டத்துக்கு அதுவே போதும். வீட்டில் மாடியை அடைத்துவிட்டேன் என்று திட்டு விழுந்தால் அது என் பொறுப்பில்லை.

ஆய்வகத்துக்கு மண் எடுப்பவர்கள் கும்பப்பூ அறுத்த பிறகு, உரமோ எருவோ விழுவதற்கு முன் எடுப்பது நல்லது. மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, நெல் வயலில் அரை அடி ஆழம் வரை ஆங்கில வி எழுத்துப் போலக் குழி வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சீராகச் சுரண்ட வேண்டும். வாழைத் தோட்டத்தில் முக்கால் அடி ஆழம் போக வேண்டும். எருக்குழி, வரப்பு, தென்னை மூடு இவற்றின் அருகில் எடுத்தால் முடிவு தவறாக வரும். ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்துக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளி, மறுபடி அப்படியே செய்து அரைக் கிலோவாக்கி, நிழலில் உலர்த்திக் கொடுங்கள். மேட்டு மண்ணையும் பள்ளத்து மண்ணையும் ஒரே பையில் கலந்து கொடுத்துவிடாதீர்கள். பழைய உரச் சாக்கில் கொண்டு போகவும் வேண்டாம்.